லயத்துக் கடைசி வீடு, என் தாய் வீடு

கப்பலை விட்டு இறங்கியதும் எங்களை நேராக ஊருக்குள் விடவில்லை. பினாங்குக்கு எதிரே இருந்த ஒரு தீவில் வைத்து, மருந்து வாசனை அடிக்கிற தண்ணீரில் குளிக்கச் சொல்லி, உடுத்தியிருந்த சேலை முதற்கொண்டு எல்லாவற்றையும் வாங்கி ஆவியில் அவித்துக் கொடுத்தார்கள். நோய் கொண்டுவந்திருப்போமாம். மற்றப் பெண்கள் மூலைக்கு மூலை உட்கார்ந்து அழுதார்கள். நான் சேலையை எப்படி அவிக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கப் போய்க் காவல்காரனிடம் வசவு வாங்கினேன். இட்லி அவிக்கிற மாதிரி சேலையை அவிக்கிற ஊருக்கு வந்திருக்கிறோமே என்று எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணும் சிரித்தாள். அத்தனை பேர் அழுகைக்கு நடுவில் சிரித்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

அவளைக் கப்பலிலேயே எனக்குத் தெரியும். நாகப்பட்டினத்தில் ஏறிய நாளிலிருந்து அவளுக்கு ஓயாத வாந்தி. அவளுடைய புருஷன் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான்தான் தலையைப் பிடித்துக்கொள்வேன். என்னைவிட மூன்று நான்கு வயது இளையவள், ஒல்லிக்குச்சி. திருச்சிப் பக்கத்து வேதக்காரி. தாலியோடு ஒரு சின்னச் சிலுவையும் கழுத்தில் கிடந்தது. நான் மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிற குடும்பம், தஞ்சாவூர்ப் பக்கம். ஊரில் இருந்திருந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கவே மாட்டோம். கப்பல் கரையைத் தொடுவதற்குள் அவள் என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். நான் அவளைக் கப்பல்காரி என்று கூப்பிட்டேன். கடைசிவரை அதே பெயர் நிலைத்துவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி அது. ரப்பர் விலை ஏறிக்கொண்டிருந்ததால் கங்காணிமார் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்துக் கூட்டிவந்தார்கள். நாங்கள் ஒரு கங்காணியின் ஆட்கள், கப்பல்காரியும் அவள் புருஷனும் இன்னொரு கங்காணியின் ஆட்கள். ஆனால் போய்ச் சேர்ந்தது ஈப்போவுக்கு வெளியே ஒரே தோட்டம்.

என் புருஷன் அதற்கு முன்பே சில வருஷம் ஈப்போ இருக்கிற இந்தப் பேரா சீமையில் இருந்தவர். ஊருக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டு திரும்பினார். அதனால் ரயிலில் அவர் வாய் ஓயவில்லை. வெளியே வெள்ளை மணல் மேடு மேடாகக் கிடந்ததைப் பார்த்து உப்பளமா என்று கேட்டேன். ஈயம் எடுக்கிற இடம் என்றார். இடுப்பளவு தண்ணீரில் சீனத்திகள் பெரிய மரத்தட்டைச் சுழற்றிச் சுழற்றி மண்ணை அலசிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் மலைகள் வந்தன. நம் பக்கத்து மலை தூரத்திலேயே தொடங்கி மெதுவாக ஏறும். இந்த மலைகளோ தட்டைத் தரையிலிருந்து திடீரென்று செங்குத்தாக எழும்பி நின்றன. வெள்ளைப் பாறைமேல் செடி கொடி தொங்கியது. "இது ஏன் இப்படி நிக்குது?" என்று கேட்டேன்.

"அது அப்படித்தான் லா," என்றார்.

அந்த ஊரில் எந்தப் பேச்சுக்கும் வாலாக ஒரு லா உண்டு. தெரியாத கேள்விக்கெல்லாம் அவரிடம் அந்த ஒரு பதில்தான். நான் கேட்ட கேள்விகளில் பாதிக்கும் மேல் அதே பதில்தான் கிடைத்தது.

தோட்டத்தில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு நீளக் கட்டடத்தில் ஓர் அறை. அப்படி அறை அறையாகத் தடுத்த கட்டடத்துக்கு லயம் என்று பெயர். ஒரு வீட்டில் தாளிக்கிற வாசனை எல்லா வீட்டுக்கும் போகும். ஒரு வீட்டுச் சண்டையும் அப்படியே. கப்பல்காரிக்கு அதே லயத்தில் கடைசி வீடு. விடியுமுன் ஆபீஸ் வாசலில் தொங்கிய தண்டவாளத் துண்டைத் தட்டுவார்கள். எல்லாரும் ஓடிப்போய் வரிசையில் நின்று பேர் கொடுக்க வேண்டும். அதைப் பெரட்டு என்பார்கள். பெரட்டு முடிந்ததும் அவரவருக்கு ஒதுக்கிய ரப்பர் மர வரிசைக்கு, அதாவது நிரைக்கு, போய்விடுவோம்.

பட்டையை உளியால் சாய்வாகச் சீவினால் கோடு நெடுக வெள்ளைப் பால் ஊறி, கீழே கட்டியிருக்கும் மங்கில் சொட்டும். மங்கு என்பது சின்னக் கிண்ணம். பால் என்கிறார்களே, எப்படித்தான் இருக்கும் என்று முதல் நாளே விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். ருசி ஒன்றும் இல்லை. ஆனால் பல்லில் ஒட்டிக்கொண்டு சாயங்காலம்வரை போகவில்லை. கப்பல்காரி நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டாள். "அக்கா, இனிமே பாக்குற எதையும் வாயில வைக்காத," என்று அவள் சொன்ன தோரணையைப் பார்த்து நிரையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

அந்த நாட்டில் எனக்கு அலுப்பே வரவில்லை. பகலில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே மழை வந்து கொட்டும். தைப்பிங் பக்கம் இதைவிட அதிகமாம். அங்கே இருந்து வந்த ஒருவர், குடையில்லாமல் பக்கத்து வீட்டுக்குக்கூடப் போகமாட்டோம் என்றார். ஒரு நாள் மத்தியானம் யாரோ கூரைமேல் கல் எறிகிறார்கள் என்று நான் வெளியே ஓடிப்போய்க் கத்தினேன். ரப்பர் காய் வெயிலில் வெடித்துக் கொட்டை தெறித்து விழுந்த சத்தம் அது. தை மாதம் பிறந்து கொஞ்ச நாளில் தோட்டத்து இலை முழுக்கச் சிவந்து உதிர ஆரம்பித்தபோது இன்னும் மோசம். மரமெல்லாம் செத்துப்போய்விட்டது, நம்மைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்து என் நெஞ்சு அடித்துக்கொண்டது. என் புருஷன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"தாப்பா லா. வருஷா வருஷம் இப்படித்தான். திரும்பத் தழையும்," என்றார். தாப்பா என்றால் பரவாயில்லை. நாளுக்கு நூறு முறை அதைச் சொல்லுவார்.

இலை உதிர்ந்த அதே மாதம்தான் எனக்கு மசக்கை வந்தது. சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. புளிப்பாக ஏதாவது தின்ன வேண்டும்போல நாக்கு அலைந்தது. ஆற்றங்கரைக் கம்பத்திலிருந்து, மலாய்க்காரர் கிராமத்துக்கு அதுதான் பெயர், காய்கறி விற்க வருகிற மலாய்க்காரப் பெண் ஒருத்தி என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். மறுநாள் விரல் நீளத்துக்குப் பச்சையாக ஏதோ காய் கொண்டுவந்தாள். கடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அத்தனை புளிப்பு. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் தின்று முடித்தேன். அவள் சிரித்துக்கொண்டே என்னிடம் ஏதோ கேட்டாள்.

"ஒன் அம்மா எங்கேன்னு கேக்குறா," என்றார் என் புருஷன்.

நான் கடல் இருக்கும் திசை என்று நினைத்த பக்கம் கையைக் காட்டினேன். அவள் உச்சுக்கொட்டி, என் தலையைத் தடவிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து என் புருஷன் முகம் சரியாக இல்லை.

சில நாள் கழித்து அவராகவே சொன்னார். ஊர் திரும்புகிற ஒரு கங்காணியோடு என்னை அனுப்பிவிடப் போகிறாராம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும், அதுதான் முறை என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவைப் பார்க்க ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் பிரசவத்துக்கென்று ஊருக்குப் போனவர்களில் ஒருத்திகூடத் திரும்பி வந்ததை அந்த லயத்தில் யாரும் பார்த்ததில்லை. பிள்ளை நடக்கட்டும் என்பார்கள், மழை விடட்டும் என்பார்கள், துணைக்கு ஆள் இல்லை என்பார்கள். இங்கே புருஷன் ஒண்டியாகப் பொங்கித் தின்றுகொண்டிருப்பான். கொஞ்ச காலத்தில் அதுவும் மாறிவிடும். அதுமட்டுமில்லை, எனக்கு இந்த நாட்டில் பார்க்க வேண்டியது எத்தனையோ பாக்கி இருந்தது. அந்த மலைக்குள் குகை இருக்கிறதாம், உள்ளே சீனர் கோயில் கட்டியிருக்கிறார்களாம். நான் இன்னும் போகவே இல்லை.

"தாப்பான்னு சொல்லுவீங்களே, இதுக்குச் சொல்லுங்களேன்," என்றேன் கோபமாக.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நான் மொதல்ல வந்த வருஷம் அடுத்த வீட்டுல ஒரு பொண்ணு. தலைப்பிரசவம். உள்ள ஒரு பொம்பள தொணை கெடயாது. ஆம்பளைங்க நாங்க வாசல்ல நின்னோம். உள்ள போகவும் முடியல, போகாம இருக்கவும் முடியல. ஆஸ்பத்திரியில இருந்து ஆள் வர்றதுக்குள்ள ரெண்டு உயிரும் போயிருச்சு. அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு. ஒனக்கு இங்க யாரு இருக்கா, சொல்லு?"

அவர் பயந்திருந்தார். அந்தப் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது.

காய்ந்த மிளகாய் கடன் கேட்க வந்த கப்பல்காரி வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். உள்ளே வந்தாள்.

"அண்ணே, தாய் வீடுதானே வேணும்? எங்க வீட்டுக்கு அனுப்புங்க."

"நீயே சின்னப்புள்ள," என்றார் அவர்.

"நான் சின்னப்புள்ளதான். வீடு சின்னப்புள்ளயா? கூரை இருக்கு, அடுப்பு இருக்கு, உள்ள ஒரு பொம்பள இருக்கேன். வேற என்ன வேணும் தாய் வீட்டுக்கு? ஏழாம் மாசம் வளையல் போட்டு நான் கூட்டிக்கிட்டுப் போறேன். புள்ள பொறந்து முப்பது கழிஞ்சதும் நீங்க வந்து கூட்டிக்கிட்டுப் போங்க."

அவர் அவளை உட்காரச் சொன்னார். பிறகு, "ஒரு நாளும் இவளைத் தனியா விடமாட்டியே?" என்று கேட்டார்.

"விடமாட்டேண்ணே."

அவ்வளவுதான். அவர் அந்தக் கங்காணியிடம் போய், என் பெண்சாதி வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். மிளகாயை வாங்கிக்கொள்ள மறந்து போய்விட்டாள் அவள்.

வளையல் வாங்க நாலு பேருமாக ஈப்போ போனோம். கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை ஓடுகிறது. அதற்கு அஞ்சடி என்று பெயர். மழை வந்தாலும் நனையாமல் ஊர் முழுக்கச் சுற்றலாம். எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. ரிக்‌ஷா இழுக்கிறவன் நெஞ்சு எலும்பு, மோட்டார் வண்டியின் பித்தளை விளக்கு, கடை வாசலில் தலைகீழாகத் தொங்கிய வாத்து என்று ஒவ்வொன்றின் முன்னாலும் நான் நின்றுவிடுவேன். கப்பல்காரி முந்தானையைப் பிடித்து இழுப்பாள். ஓரிடத்தில் அவளே நின்றுவிட்டாள். அஞ்சடி ஓரத்தில் ஒரு சீனத்தி பெரிய மண்சட்டியில் எதையோ கருகருவென்று கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். இஞ்சி வாசனை தெருவைத் தூக்கியது. கப்பல்காரி கூச்சமே இல்லாமல் சட்டிக்குள் எட்டிப் பார்த்து, என்ன இது என்று கையால் கேட்டாள். சீனத்தி தன் வயிற்றைத் தொட்டு, பிள்ளையைத் தாலாட்டுவதுபோல் கையை ஆட்டி, வீட்டுக்குள் காட்டினாள். உள்ளே தலையில் துணி சுற்றிய ஓர் இளம்பெண் கைக்குழந்தையோடு படுத்திருந்தாள்.

"பாத்தியாக்கா, பெத்தவளுக்கு இவங்களும் இஞ்சிதான் குடுக்குறாங்க," என்று கப்பல்காரி பெரிய விஷயம் கண்டுபிடித்தவள்போல் சொன்னாள். பிறகு என் வயிற்றைக் காட்டி, தன் நெஞ்சைத் தட்டி, நான்தான் இவளுக்கு அம்மா என்று சீனத்தியிடம் சைகை காட்டினாள். சீனத்திக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் ஒரு பெரிய இஞ்சியை எடுத்து அவள் கையில் வைத்து அனுப்பினாள்.

ஏழாம் மாதம் லயத்துப் பெண்கள் கூடி எனக்குப் பச்சைக் கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். கப்பல்காரி முதலில் என் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டாள். அப்புறம் அதே நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பாயைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு அவள் பின்னால் லயத்தின் கடைசிவரை நடந்தேன். ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தி ஏதாவது வாயில் ஊட்டினார்கள். கூப்பிடு தூரத்துக்குப் போய்ச் சேர எனக்கு ஒரு காலைப்பொழுது ஆயிற்று.

போய்ச் சேர்ந்த பிறகுதான் வேடிக்கை. அன்று சாயங்காலம் என் புருஷன் என்னைப் பார்க்க வந்தார். கப்பல்காரி விறுவிறுவென்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்தாள். மாமியார் மருமகன் முன்னால் நின்று பேசக்கூடாதாம். நேற்றுவரை அண்ணே அண்ணே என்று அவரிடம் வெற்றிலை பிடுங்கித் தின்றவள்! "மாப்பிள்ளைய ஒக்காரச் சொல்லுங்க," என்று கதவுக்குப் பின்னாலிருந்து தன் புருஷனிடம் சொன்னாள். அந்தப் பிள்ளைக்கு மீசையே சரியாக முளைக்கவில்லை. "ஒக்காருங்க மாப்ள," என்றார் அவர். தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த ஆளை என் புருஷன் மாமா என்று கூப்பிட வேண்டியதாயிற்று. முதலில் எல்லாரும் சிரித்தோம். ஆனால் அவள் ஒரு நாளும் அந்த முறையை விடவில்லை. கொஞ்ச நாளில் என் புருஷனே சட்டை போட்டுக்கொண்டு, தலை வாரிக்கொண்டு, வாசலில் நின்று இருமிவிட்டுத்தான் உள்ளே வர ஆரம்பித்தார்.

எனக்கு அந்த வீட்டில் இருந்த நாட்கள்போல் சுகமான நாட்கள் அதிகம் இல்லை. அவள் என்னை அதட்டுவாள், மிரட்டுவாள், தின்னச் சொல்வாள். பிரசவத்தைப் பற்றி அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. தெரியாததைக் கேட்டால், "அதெல்லாம் அம்மா பாத்துக்குவா, நீ பேசாம படு," என்பாள்.

எனக்கு மாதம் நிறைகிற சமயத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. எங்கள் தோட்டத்துக் கம்பெனிக்கு ஆயர் தாவார் பக்கத்தில் இன்னொரு தோட்டம் இருந்தது. காடு அழித்துப் புதிதாக நட்டிருந்தார்கள். அங்கே ஆள் போதவில்லை என்று கப்பல்காரியின் கங்காணியையும் அவர் ஆட்களையும் அந்த வாரமே அனுப்பச் சொல்லிவிட்டார் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை. கங்காணி போனால் ஆட்களும் போக வேண்டும். அதில் பேச்சே கிடையாது.

என் புருஷன் கேட்டதும் வெளிறிப்போனார். இனிக் கப்பலேற்றவும் நேரமில்லை. நான் பாயில் உட்கார்ந்து அழுதேன். அந்த நாட்டுக்கு வந்து நான் அழுதது அன்றுதான் முதல் தடவை. கப்பல்காரி அழவில்லை. சேலையை உதறிக் கட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனாள்.

அங்கே கிராணி உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கணக்கு வழக்கெல்லாம் பார்க்கிறவர். குனிந்த தலை நிமிராத மனிதர். அவரிடம், "ஐயா, என் மக மாசமா இருக்கா. தலைப்பிரசவம். அவ பெத்து முப்பது கழியாம நாங்க இந்தத் தோட்டத்தை விட்டுக் கெளம்ப முடியாது," என்று சொல்லியிருக்கிறாள். அவள் அதைப் பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை. மகள் என்றே நினைத்துச் சொன்னாள். கிராணியும் யார் எவர் என்று பார்க்காமல் துரையிடம் போய் அப்படியே ஒப்பித்துவிட்டார். துரை, சரி, அந்த ஒரு குடும்பம் மட்டும் பிறகு போகட்டும் என்றுவிட்டார்.

நாங்கள் பெருமூச்சு விட்டு இரண்டு நாள்கூட ஆகவில்லை. துரை லயத்தைச் சுற்றிப் பார்க்க வந்தார். சாக்கடை சுத்தமா, தண்ணீர்த் தொட்டி மூடியிருக்கிறதா என்று ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டு, கிராணி பின்தொடர, கடைசி வீட்டுக்கு வந்தார். துரைக்குத் தமிழ் வரும். முரட்டுத் தமிழ்.

"மகளுக்குப் பிள்ளைன்னு சொன்னது நீயா?" என்றார் கப்பல்காரியைப் பார்த்து. "எங்கே மக?"

அவள் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து நிறுத்தினாள். "இதாங்க தொரை."

துரை என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நான் அவளைவிட ஒரு சாண் உயரம், வயிறு வேறு முன்னால் நின்றது. அவள் எனக்குத் தங்கை என்றால்கூட நம்புவது கஷ்டம்.

"இவ உன்னைவிடப் பெரியவ!"

"பெரியவதாங்க தொரை. அதுக்கு என்ன செய்யுறது? எனக்குக் கெடச்ச மக இவதான்."

லயம் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. துரையிடம் பொய் சொன்னால் அந்த நிமிஷமே சட்டி பானையைக் கட்ட வேண்டியதுதான். துரை முகம் சிவந்து, "கிராணி, என்ன இது?" என்று திரும்பினார். கிராணிக்கு அப்போதுதான் தான் மாட்டிக்கொண்டது புரிந்திருக்க வேண்டும். விசாரிக்காமல் போய்ச் சொன்னது அவர்தானே. தொண்டையைக் கனைத்துக்கொண்டு இங்கிலீஷில் நிதானமாக ஏதோ சொன்னார்.

அது என்னவென்று அன்று எங்களுக்குத் தெரியாது. ஆபீஸ் பியூன் பிறகு சொல்லித்தான் தெரிந்தது. 'கூலிகளிடம் இது பழைய வழக்கம். கடல் கடந்து வந்த பெண்ணுக்குத் தலைப்பிரசவம் என்றால், கூடக் கப்பலில் வந்தவள் தாயாக நின்று பார்க்க வேண்டும். வயது கணக்கில்லை. தடுத்தால் எல்லாரும் மனம் கெட்டுப்போவார்கள்.' அப்படியொரு வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது. தன் தலை தப்புவதற்காக அந்த மனிதர் நின்ற நிலையில் உண்டாக்கியது அது.

துரை என் புருஷனைப் பார்த்தார். "வழக்கமா?"

"வழக்கந்தாங்க தொரை," என்றார் அவர். அடுத்த வாசலில் நின்றவள் "ஆமாங்க, வழக்கந்தான்" என்றாள். அதற்கடுத்த வாசலும் சொன்னது. லயம் முழுக்க வழக்கம் வழக்கம் என்று தலையாட்டியது.

துரை கடைசியாகக் கப்பல்காரியின் புருஷனைக் கூப்பிட்டார். "அப்ப நீ மாமனாரா?"

"ஆமாங்க தொரை," என்று அவர் இல்லாத மீசையைத் தடவிக்கொண்டார்.

துரை தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்தார். வாய் கோணியது, சிரிப்பை அடக்கினார் என்றே நினைக்கிறேன். "பிள்ளை பிறந்து முப்பது நாள். அதுக்கு மேலே ஒரு நாள் இல்லை," என்று சொல்லிவிட்டுச் சாக்கடையைப் பார்க்கப் போய்விட்டார். கிராணி போகிற போக்கில் கப்பல்காரியை முறைத்தார். "பிள்ளை, இனி மகளெண்டு வந்தால் முதல் எனக்கு வயசைச் சொல்லும்," என்றார்.

ஒரு மழை மத்தியானத்தில் எனக்கு வலி கண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து மருத்துவச்சி நேரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டாள். கப்பல்காரி என் முதுகைத் தாங்கி உட்கார்ந்துகொண்டாள். நான் மாரியாத்தா என்று கத்தினால் அவள் சேசுவே என்று கத்தினாள். என்னைவிட அவள் குரல்தான் பெரிதாகக் கேட்டது. "நீ ஏம்மா கத்துற? வலி ஒனக்கா அவளுக்கா?" என்று மருத்துவச்சி அவளை அதட்டினாள். குழந்தை அழுத சத்தம் கேட்டதும் அவள் அதை வாங்கித் துணியில் சுற்றிக்கொண்டு, முக்காடும் இல்லை ஒன்றும் இல்லை, நேராக வாசலுக்கு ஓடினாள்.

"அண்ணே! பொம்பளப் புள்ளண்ணே! ரெண்டும் நல்லாருக்குண்ணே!"

என் புருஷன் மழையில் நனைந்துகொண்டு நின்றிருந்தார். குழந்தையைப் பார்த்துவிட்டு அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அப்போதுதான் அவளுக்குத் தான் மாமியார் என்பது ஞாபகம் வந்தது. குழந்தையோடு திரும்பி ஓடிவந்து கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். நான் இருந்த நிலையிலும் சிரித்தேன்.

அந்த முப்பது நாளும் எப்படிப் போயின என்று தெரியவில்லை. ஆயர் தாவாருக்குப் போக லாரி வந்து தோட்டத்துச் செம்மண் பாதையில் நின்றது. லாரிக்காரன் அவசரப்படுத்தினான். கப்பல்காரி காதில் போட்டுக்கொள்ளவில்லை. மகளை முறையாக அனுப்பிவைக்காமல் தாய் வீட்டைக் காலி செய்யக்கூடாது என்று ஒரே பிடிவாதம். எனக்குத் தலை வாரிப் பூ வைத்தாள். அரிசி, தேங்காய், மஞ்சள், ஒரு புதுச் சட்டி எல்லாவற்றையும் கூடையில் வைத்துத் தன் புருஷன் தலையில் ஏற்றினாள். குழந்தையின் நெற்றியில் சிலுவை போட்டு, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டும் வைத்தாள். லயத்துப் பெண்கள் எல்லாரும் கூட வர, என்னை என் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். பெண்ணை அனுப்பிவைத்துவிட்டுத் தாய் வீடு அழும். அதுதான் உலகத்தில் நடக்கிறது. இங்கே நான் வாசலில் நின்றுகொண்டு தாய் வீட்டையே லாரியில் ஏற்றி அனுப்பினேன்.

லாரிக்குப் போகத் திரும்பியவள் மறுபடி வந்து என் காதருகில் குனிந்தாள். "அக்கா, எனக்கும் ரெண்டு மாசமா நாள் தள்ளியிருக்கு. ஒன்னைய நல்லபடியா அனுப்புற வரைக்கும் சொல்லக்கூடாதுன்னு இருந்தேன்."

மூட்டை தூக்கினாள், தண்ணீர் சுமந்தாள், என் துணியெல்லாம் துவைத்தாள். ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. அவள் போகிற இடம் புதுத் தோட்டம். அங்கே அவளுக்கு யாரையும் தெரியாது. நான் என்ன சொல்வதென்று தேடுவதற்குள் அவள் ஓடிப்போய் ஏறிவிட்டாள், லாரியும் கிளம்பிவிட்டது. நான் என் புருஷனிடம் திக்கித் திணறிச் சொன்னேன்.

அவர் கேட்டதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓடினார். முறை, மரியாதை, மாமியார் எல்லாம் போய்விட்டது. "தங்கச்சி! ஏழாம் மாசம் நான் வந்து கூட்டிக்கிட்டு வாரேன்! நம்ம வீட்டுக்குத்தான் வரணும்! கேட்டுதா?" என்று கத்திக்கொண்டே ஓடினார். மூட்டைகளுக்கு மேல் ஒரு கை உயர்ந்தது. வரேன் என்று ஆட்டினாளா, போய்வருகிறேன் என்று ஆட்டினாளா, தெரியவில்லை. லாரி பெரிய பாதையில் திரும்பிவிட்டது.

அவர் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆணியும் சுத்தியலும் எடுத்து, எங்கள் அறையின் இரண்டு சுவரிலும் ஆணி அடித்து, குறுக்கே ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி, என் பழைய சேலை ஒன்றைத் திரையாகத் தொங்கவிட்டார். திரைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி பாய் விரித்துப் படுக்க இடம் இருக்கிறதா என்று காலால் அளந்து பார்த்தார்.

"அவளுக்கு ஏழாம் மாசம் வர இன்னும் எவ்வளவோ நாள் இருக்கே," என்றேன்.

"இருக்கட்டும்," என்றார்.